அம்மாவின் தட்டை ஒன்பது நாள் எடை போட்ட கணக்கு

தைப் பொங்கலுக்குத் தைத்த ரவிக்கையை அம்மா வைகாசியில் ஒரு கல்யாணத்துக்காக எடுத்துப் போட்டார். தோளிலிருந்து நழுவியது. "தையக்காரன் அளவு தப்பா எடுத்துட்டான், ரெண்டு பக்கமும் பிடிச்சுக் குடு" என்றார். ஊசி நூலோடு உட்கார்ந்தபோது, பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் உள்ளே போனது. தையல்காரர் அவ்வளவு தப்பாக அளவெடுக்க மாட்டார் என்று அப்போதுதான் உறைத்தது. போன அக்டோபரில் முட்டிவலிக்குப் போனபோது எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டைத் தேடி எடுத்தேன். அதில் எடை 52 கிலோ. அன்று மாலையே மெடிக்கல் கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தேன். 47.

எட்டு மாதத்தில் 5 கிலோ என்றால் உடம்பில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. வயதானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் எடை தானாகக் குறைந்தால் அதை உடனே கவனிக்க வேண்டும். அதனால் வீட்டுப் பரிசோதனை எதையும் தொடங்கும் முன் டாக்டரிடம் போனோம். சர்க்கரை, தைராய்டு, ரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள். எதிலும் பெரிய குறை இல்லை. டாக்டர் கடைசியில் கேட்டது ஒரே கேள்வி: "ஒரு நாளைக்கு என்ன சாப்பிடறாங்க?" நான் உடனே, "நல்லாத்தான் சாப்பிடறாங்க" என்றேன். "ஏழு நாள் எழுதிட்டு வாங்க" என்றார்.

வெறுமனே "இட்லி, சட்னி, சோறு, சாம்பார்" என்று எழுதிக் கொடுத்தால் அதில் ஒன்றும் தெரியாது. கிராமில் எழுதலாம் என்று முடிவு செய்தேன். இதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் அந்தக் கணக்கை இங்கே முழுதாகப் பதிகிறேன்.

முதல் வேலை தராசு. ஐந்து கிலோ வரை, ஒரு கிராம் துல்லியத்தில் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கினேன். அதை நம்பலாமா என்று பார்க்க எடைக்கல் தேவையில்லை, மெடிக்கல் கடையில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்சு ஒன்று போதும். ஊசியில்லாமல் வாங்கி, தண்ணீரைப் பத்து முறை இழுத்து ஒரு கிண்ணத்தில் விட்டேன். 500 மில்லித் தண்ணீர் நம் ஊர் வெயிலில் 498 கிராம் இருக்க வேண்டும். தராசு 497 காட்டியது. சோறு, குழம்புக்கு இது தாராளம்.

எண்ணெயில்தான் தராசு ஏமாற்றியது. தோசையின் மேல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுவதுபோலத் தராசின் மேல் வைத்த கரண்டியில் விட்டால், அது பூஜ்யத்திலேயே நிற்கும். தட்டில் மெல்ல மெல்ல ஏறும் எடையைத் தானாகப் பூஜ்யமாக்கிக்கொள்ளும் வசதி இந்த வகைத் தராசுகளில் இருக்கிறது. பாட்டிலைச் சமையலுக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை நிறுத்தால் வித்தியாசம் சரியாக வருகிறது. நெய், சர்க்கரை டப்பாக்களுக்கும் அதே முறைதான்.

இரண்டாவது, பாத்திரங்கள். வெந்த சாம்பாரை எடை போட வேண்டுமானால் வெறும் பாத்திரத்தின் எடை முன்கூட்டியே தெரிய வேண்டும். முதல் நாள் அதை மறந்துவிட்டு, கொதிக்கும் சாம்பாரை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் கையைச் சுட்டுக்கொண்டேன். அடுத்த நாள் ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் நகப்பூச்சால் எடையை எழுதினேன். அடுப்புச் சூட்டில் இரண்டே நாளில் கருகிப் போய்விட்டது. பிறகு ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது.

கணக்கு போடும் முறை எளிது. பாத்திரத்துக்குள் போகும் ஒவ்வொரு பொருளையும் பச்சையாக நிறுத்து எழுத வேண்டும். வெந்து இறக்கியதும் மொத்த எடை. தட்டில் விழுவது அதில் எத்தனை பங்கு என்று பார்த்தால், பொருள்களின் சத்திலும் அதே பங்குதான் தட்டுக்கு வருகிறது. சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை நிறுத்துக் கழிக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைப் பலரும் விட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் விஷயமே அதில்தான் பிடிபட்டது, பிறகு சொல்கிறேன்.

பொருள்களின் சத்துக்கு ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையை எடுத்துக்கொண்டேன். 528 உணவுப் பொருள்களை நம் நாட்டிலேயே திரட்டிச் சோதித்து எழுதிய அட்டவணை அது. அந்த நிறுவனம் பிறந்தது நம் குன்னூரில். 1918இல் பாஸ்டர் நிறுவனத்தில், பெரிபெரி என்ற சத்துக்குறை நோயை ஆராய ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் தொடங்கிய சின்ன ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, 1969இல் இன்றைய பெயரைப் பெற்றது. நம் உணவுகளின் சத்து அட்டவணையை முதலில் தொகுத்ததும் குன்னூரில்தான், 1930களில் ஐக்ராய்ட் என்பவர் இயக்குநராக இருந்தபோது. நீலகிரிக்குப் பல முறை போயிருக்கிறேன், ஒரு முறைகூட இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மூன்றாவதாக, அம்மாவுக்கு எவ்வளவு தேவை என்று தெரிய வேண்டும். ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தாலே உடம்பு செலவழிக்கும் சக்தியைக் கணக்கிட 1990இல் வந்த மிஃப்லின் சூத்திரம் இருக்கிறது. எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, பெண்களுக்கு மேலும் 161 கழிக்க வேண்டும். ஆண்களுக்கு 161 கழிப்பதற்குப் பதில் 5 கூட்ட வேண்டும். அம்மாவுக்கு 47 கிலோ, 152 சென்டிமீட்டர், 66 வயது. 470உம் 950உம் சேர்த்து 1,420. அதிலிருந்து 330உம் 161உம் போக, 929 கிலோ கலோரி.

இதை வாட் கணக்கில் மாற்றினால் 45 வாட் வருகிறது. அந்தக் காலத்து 40 வாட் குண்டு பல்பைவிடக் கொஞ்சம் கூடுதல். அம்மா தூங்கும்போதும், மாடியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் ஒரு பல்பு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மீதி கல்லீரல், இதயம், சிறுநீரகம், தசை என்று பிரிந்து போகிறது.

இதன்மேல் வேலைக்கான செலவு. அம்மாவின் ஒரு நாளை மணி மணியாக எழுதினேன். 8 மணி நேரம் படுக்கை, 9 மணி நேரம் உட்கார்ந்து டிவி, பூக்கட்டுதல், பேச்சு. சமையல் கட்டில் நின்று 5 மணி நேரம். கோயிலுக்கும் கடைக்கும் நடை ஒரு மணி நேரம். குளியல், துணி எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். படுத்திருக்கும் செலவை 1 என்று வைத்து, உட்காருவதற்கு 1.2, அடுப்படிக்கு 2, நடைக்கு 3, குளியல் துணிக்கு 2.3 என்ற மடங்குகளில் பெருக்கிக் கூட்டி 24ஆல் வகுத்தால் 1.42. ஆக, 929ஐ 1.42ஆல் பெருக்க ஏறத்தாழ 1,320 கிலோ கலோரி. சூத்திரம் ஒரு மதிப்பீடுதான், ஆளுக்கு ஆள் பத்து சதவீதம் முன்பின் இருக்கும். ஆனால் எங்கே தேடுவது என்று காட்ட இது போதும்.

புரதத்துக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை, கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். அம்மாவுக்கு 39 கிராம். வயதானவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது முதியோர் மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அப்படிப் பார்த்தால் 47 முதல் 56.

சரி, அளக்கத் தொடங்கினோம்.

முதல் நாள் 1,240 கிலோ கலோரி வந்தது. மகிழ்ந்துபோனேன். இரண்டாம் நாளும் கிட்டத்தட்ட அதே அளவு. மூன்றாம் நாள் 1,060. என்ன நடந்ததென்றால், நான் தராசோடு நிற்பதைப் பார்த்து அம்மா முதல் இரண்டு நாளும் கூடுதலாகச் சாப்பிட்டிருக்கிறார். "நீ எழுதிக்கிட்டு நிக்கிறப்ப குறைச்சா சாப்பிட முடியும்?" என்று அவரே பிறகு சொன்னார். அந்த இரண்டு நாளையும் தள்ளிவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள் வரை ஏழு நாளைக் கணக்கில் எடுத்தேன். மூன்றாம் நாளே அம்மாவின் தட்டை நானே போட்டுக் கொடுப்பதை விட்டுவிட்டேன். அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டு, எடுத்ததை மட்டும் எடை போட்டேன்.

அந்த மூன்றாம் நாளை அப்படியே தருகிறேன். காலை ஆறு மணிக்குக் காபி: பால் 60 மில்லி, சர்க்கரை 8 கிராம். 70 கிலோ கலோரி, புரதம் 2 கிராம். ஒன்பதரைக்கு இரண்டு இட்லி. மாவை முன்னாலேயே நிறுத்திருந்தேன். 800 கிராம் இட்லி அரிசியும் 200 கிராம் உளுந்தும் தண்ணீரோடு 2,620 கிராம் மாவாகியிருந்தன. 45 கிராம் மாவு ஊற்றிய ஓர் இட்லிக்கு 59 கிலோ கலோரி, புரதம் 1.8 கிராம். தேங்காய்ச் சட்னி 25 கிராமில் 65. பதினோரு மணிக்கு இன்னொரு காபி. இரண்டரைக்கு மதியச் சாப்பாடு: சோறு 190 கிராம், சாம்பார் 80 கிராம், முட்டைக்கோஸ் பொரியல் 50 கிராம், ரசம், மோர். எல்லாம் சேர்த்து 336. ஐந்து மணிக்கு டீயும் இரண்டு மேரி பிஸ்கட்டும், 120. இரவு இரண்டு தோசை, சட்னி, 280. மொத்தம் 1,060 கிலோ கலோரி, புரதம் 26 கிராம்.

ஏழு நாள் சராசரி 1,090 கிலோ கலோரி, 27 கிராம் புரதம்.

தேவை 1,320, உள்ளே போவது 1,090. பள்ளம் 230. இதை வேறொரு பக்கத்திலிருந்தும் சரிபார்க்கலாம். உடம்புக் கொழுப்பு ஒரு கிலோவில் ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி இருக்கிறது. இழந்த 5 கிலோவும் கொழுப்பு என்றே வைத்தாலும், 38,500ஐ 240 நாளால் வகுத்தால் நாளுக்கு 160. இரண்டு கணக்கும் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறான வழியில் வந்தவை, ஆனாலும் ஒரே திசையைக் காட்டின. 160 கிலோ கலோரி என்பது ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 30 கிராம். தினமும் ஒரு கைப்பிடி குறைந்தால் எட்டு மாதத்தில் ரவிக்கை தோளில் நிற்காது. யாருடைய கண்ணுக்கும் படாத அளவு இது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் கவனிக்கவில்லையே என்று அன்று இரவு மனசு கேட்கவில்லை.

ஏழாவது படிக்கும் மகன் இந்த எண்களைப் பார்த்துவிட்டு, "கடலைக்குள்ள சக்தி இருக்குன்னு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் செய்து பார்த்தோம். உருளைக்கிழங்குத் துண்டில் ஒரு தையல் ஊசியைக் குத்தி, அதன் நுனியில் வேர்க்கடலையைச் செருகினோம். மேலே இரண்டு செங்கல்லுக்கு நடுவே, மூடி வெட்டிய தகர டப்பாவில் 200 கிராம் தண்ணீர், உள்ளே 110 டிகிரி வரை காட்டும் ஆய்வகத் தெர்மாமீட்டர். (காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைப் பயன்படுத்த வேண்டாம், 42 டிகிரியோடு அது முடிந்துவிடும்.) கடலை பற்றிக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடிக்கும், பிடித்துவிட்டால் ஒன்றிரண்டு நிமிடம் நின்று எரியும். ஒரு கடலையின் எடையை எங்கள் தராசு காட்டாது என்பதால், ஐந்து கடலையைச் சேர்த்து நிறுத்து, ஒன்றன்பின் ஒன்றாக எரித்தோம். மொத்தம் 3 கிராம்.

29 டிகிரித் தண்ணீர் 51க்கு ஏறியது. 200 கிராமை 22ஆல் பெருக்க 4,400 கலோரி, அதாவது 4.4 கிலோ கலோரி. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையானதுதான் ஒரு கிலோ கலோரி, பொட்டலங்களில் வெறும் கலோரி என்று சொல்வதும் இதைத்தான். அட்டவணைப்படி 3 கிராம் கடலையில் 15.6 இருக்க வேண்டும். மீதி எங்கே? காற்றோடு போய்விட்டது. டப்பாவைச் சுற்றி அலுமினியத் தாளை மறைப்பாகக் கட்டி, அடியில் காற்றுக்கு மட்டும் வழி விட்டு மறுபடி செய்தோம். இந்த முறை 64 டிகிரி, 7 கிலோ கலோரி. பாதிகூடப் பிடிக்க முடியவில்லை, ஆனால் பையனுக்குப் புரிந்துவிட்டது. சிறுவர்கள் செய்தால் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், எரியும் கடலையிலிருந்து எண்ணெய் தெறிக்கிறது. கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது.

அமெரிக்காவில் அட்வாட்டர் என்ற வேதியியலாளர் 1890களில் இதையே மூடிய எஃகுக் கலத்திலும், ஆளே உள்ளே தங்கும் அறையிலும் செய்து பார்த்தார். மாவுச்சத்துக்கு கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9, புரதத்துக்கு 4 என்று இன்று எல்லாப் பொட்டலத்திலும் போடும் கணக்கு அவர் வழி வந்தது. புரதம் கலத்தில் எரிந்தால் 5.65 தருகிறது. உடம்பில் அதன் நைட்ரஜன் முழுதாக எரியாமல் யூரியாவாகச் சிறுநீரில் போய்விடுவதாலும், செரிக்காமல் போவதாலும் நமக்கு 4தான் மிஞ்சுகிறது.

எனக்குச் சக்திக் கணக்கைவிடப் புரதம்தான் பெரிய கவலையாக இருந்தது. கொழுப்பைப் போலப் புரதத்தைச் சேர்த்துவைக்க உடம்பில் தனி இடம் கிடையாது. வருவது குறைந்தால் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். அம்மா இழந்த 5 கிலோவில் தசையும் இருந்திருக்கும். பாத்ரூம் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்கிறார் என்பது அதற்குப் பிறகுதான் என் கண்ணில் பட்டது. தினம் சாம்பார் வைக்கும் வீட்டில் 27 கிராம் எப்படி வந்தது என்று சாம்பாரையே பிரித்துப் பார்த்தேன்.

ஐந்து பேருக்கு, இரண்டு வேளைக்குச் சேர்த்து நான் போடுவது 100 கிராம் துவரம்பருப்பு. அதில் புரதம் 22 கிராம். இறக்கிய சாம்பார் 1,480 கிராம். அம்மா ஊற்றிக்கொண்டது ஒரு கரண்டி, 80 கிராம். கணக்குப்படி அவர் தட்டுக்கு வந்த பருப்பு வெறும் 5.4 கிராம், புரதம் 1.2 கிராம். ஓர் இட்லியில் இருப்பதைவிடக் குறைவு. மூன்று முறை கணக்கைத் திருப்பிப் போட்டேன், மாறவில்லை.

அதுகூட முழு உண்மையில்லை. அம்மா கலக்காமல் மேலாக மொள்ளுவார். அடியிலுள்ள கெட்டி பிள்ளைகளுக்கு. இது அவருக்கு நாற்பது வருஷப் பழக்கம். அடுத்த நாள், அரைமணி நேரம் அசையாமல் வைத்த சாம்பாரில் மேலிருந்து 100 கிராம், அடியிலிருந்து 100 கிராம் எடுத்து, காய்த் துண்டுகளை நீக்கிவிட்டு, நனைத்துப் பிழிந்த வேட்டித் துணியில் தனித்தனியே வடிகட்டினேன். மேலே எடுத்ததில் தங்கிய பருப்புக் கூழ் 9 கிராம். அடியில் எடுத்ததில் 31. மூன்று மடங்குக்கும் மேல். அப்படியானால் அந்த 1.2 கிராமும் அம்மாவுக்குக் கிடைத்திருக்காது.

மெக்கரிசன் குன்னூரில் எலிகளை வைத்துச் செய்த சோதனை இந்த இடத்தில் நினைவுக்கு வந்தது. இந்தியாவின் வெவ்வேறு வட்டார உணவுகளைத் தனித்தனிக் கூட்டத்துக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் என்ற பஞ்சாபி உணவில் வளர்ந்தவை நன்றாகத் தேறின. அரிசி மிகுந்து பால் குறைந்த மெட்ராஸ் உணவில் வளர்ந்தவை கடைசி வரிசையில் நின்றன. அரிசி கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. புரதம் பல அமினோ அமிலங்களால் ஆனது, அவற்றில் லைசின் என்பது அரிசிப் புரதத்தில் குறைவு. பருப்பில் லைசின் தாராளம், மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். பருப்பு தட்டுக்கு வந்து சேர்ந்தால்தானே நிரப்பும்?

ஐந்தாம் நாள்தான் இன்னொன்று பிடிபட்டது. பீன்ஸ் பொரியல் 50 கிராம் எடுத்தவர் தட்டில் 32 கிராம் மிச்சம். மறுநாள் முருங்கைக்காய் சக்கையை எல்லோரும் துப்பியிருந்தோம், அம்மாவின் தட்டில் காய் தொடப்படாமலே கிடந்தது. சோறு, ரசம், மோர், டீயில் தோய்த்த பிஸ்கட் மட்டும் சுத்தமாகக் காலி. மிச்ச எடைகளை வரிசையாக எழுதியபோது, மென்று தின்ன வேண்டியது எல்லாம் மீதியாகியிருந்தது. "அம்மா, வாயைத் திற பார்ப்போம்" என்றேன். வலது கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று பிளந்து, சுற்றி ஈறு சிவந்திருந்தது. மாசியிலிருந்தே வலியாம். "உனக்கு ஏற்கெனவே செலவு, பசங்க ஃபீஸ் வேற. இதுக்குப் போயி சொல்லுவாங்களா" என்றார். பசிக்கவில்லை, பசிக்கவில்லை என்று அவர் சொன்னதெல்லாம் மெல்ல முடியவில்லை என்பதைத்தான். ரத்தப் பரிசோதனை எதிலும் இது வந்திருக்காது. பல்லை எடுத்து, புண் ஆற இரண்டு வாரம் ஆயிற்று.

நோட்டை டாக்டரிடம் காட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். சிறுநீரகம் நன்றாக இருப்பதால் புரதத்தைத் தயங்காமல் கூட்டலாம் என்றார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாங்களாகக் கூட்டிவிடக்கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார், அதனால் இங்கேயும் எழுதுகிறேன்.

மாற்றங்களில் முதல் முயற்சி தோற்றது. மாலை பிஸ்கட்டுக்குப் பதிலாகக் கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுத்தேன். 40 கிராம் காய்ந்த கடலையில் செய்தது பாதிக்கு மேல் திரும்பி வந்தது. பல் இல்லாத வாய்க்குக் கொண்டைக்கடலையைக் கொடுத்தது என் தவறு. 30 கிராம் பச்சைப்பயறைக் குழைய வேகவைத்து, தேங்காய்ப்பூ போட்டுத் தாளித்துக் கொடுத்தபோது கிண்ணம் காலியாக வந்தது. ஏறத்தாழ 100 கிலோ கலோரி, புரதம் ஏழு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு.

அப்புறம் மதியம் சாம்பாருக்கு முன்னால் ஒரு பிடி பருப்புச் சாதம். காய்ந்த எடையில் 20 கிராம் பருப்பு, தனியாக வேகவைத்து மசித்து, ஒரு சின்ன ஸ்பூன் நெய். 110 கிலோ கலோரி, 4.4 கிராம். இதை அம்மா மிகவும் விரும்பிச் சாப்பிட்டார், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார். சாம்பாரில் 100 கிராம் பருப்பு 150 ஆனது. மொள்ளும் முன் அடிவரை கலக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம், என் மகன் அதைக் கண்காணிக்கிறான். செவ்வாய், வெள்ளி தவிர மற்ற நாளில் காலையில் ஒரு முட்டை, 70 கிலோ கலோரி, 6.5 கிராம். அந்த இரண்டு நாளில் இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி. இரவு படுக்கும் முன் 150 மில்லி பால்.

சாப்பாட்டு நேரத்தையும் மாற்றினோம். எல்லோருக்கும் போட்டுவிட்டு இரண்டரைக்குத் தனியாக உட்காருவது நின்றது. ஒரு மணிக்கே முதல் தட்டு அம்மாவுக்கு. முதல் வாரம் சண்டையே வந்தது. "நான் முன்னால சாப்பிட்டா வீடு விளங்குமா" என்றார். என் கணவர் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

ஆடி கடைசியில் மறுபடி ஏழு நாள் எடை போட்டேன். சராசரி 1,370 கிலோ கலோரி, 46 கிராம் புரதம். சேர்த்ததையெல்லாம் அப்படியே கூட்டினால் இதைவிட அதிகம் வர வேண்டும். ஆனால் பருப்பும் பயறும் உள்ளே போனதும் சோறு தானாகக் குறைந்து 190 கிராமிலிருந்து 150க்கு வந்துவிட்டது. வயிற்றுக்கு ஓர் அளவு உண்டு, ஒன்று ஏறினால் ஒன்று இறங்கும். முதலிலேயே இதைக் கணக்கில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

சாப்பாட்டோடு உடற்பயிற்சியும் சேர்த்தோம். புரதம் மட்டும் போனால் தசை வராது, அந்தத் தசைக்கு வேலையும் இருக்க வேண்டும். கையில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து எழுந்து உட்கார வேண்டும். 30 விநாடியில் எத்தனை முறை என்பது காலின் வலுவை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் சோதனையும்கூட. 65 முதல் 69 வயதுப் பெண்களுக்கு 11க்குக் கீழே வந்தால் வலு குறைவு. அம்மா தொடங்கியபோது 7. காலையும் மாலையும் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, நான் பக்கத்தில் நிற்கச் செய்தார். பன்னிரண்டு வாரத்தில் 10. எடை 47லிருந்து 47.8. குறைவாகத் தெரியலாம். கணக்குப்படி நாளுக்கு 50 கிலோ கலோரிதான் உபரி, அதற்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்தான் ஏற முடியும். இறங்கிக்கொண்டே இருந்த எடை நின்று திரும்பியதே எனக்குப் போதும். பாத்ரூம் சுவரில் கை வைப்பது நின்றுவிட்டது.

இப்போது தினமும் தராசை எடுப்பதில்லை. மாதத்தில் மூன்று நாள் மட்டும், சொல்லாமல் கொள்ளாமல். அடுத்த மாதம்தான் யோசனையாக இருக்கிறது. ஐப்பசியில் கந்த சஷ்டி, அம்மா ஆறு நாளும் பாலும் பழமுமாக விரதம் இருப்பவர், இந்த வருஷமும் விடமாட்டேன் என்கிறார். 200 மில்லி பால் மூன்று வேளை, மூன்று வாழைப்பழம் என்று போட்டுப் பார்த்தேன். 700 கிலோ கலோரி, 22 கிராம் புரதம்தான் வருகிறது. பேசிப் பேசி, மதியம் ஒரு வேளை பருப்புச் சாதமும் பச்சைப்பயறும் சாப்பிடுவது என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். வெங்காயம் பூண்டு மட்டும் கூடாதாம். அப்போது 1,150க்கும் 35க்கும் பக்கத்தில் வந்துவிடும். சூரசம்ஹாரத்துக்கு மறுநாள் காலை எடை பார்த்து எழுத, நோட்டில் ஒரு வரி விட்டு வைத்திருக்கிறேன்.